காலிக் கட்டம்

கரிக்கலாம்பாக்கத்தில் எங்கள் தொகுப்பு வீட்டுக்குக் கூரை போடுகிறார்கள். வெயில் உள்ளே இறங்காமலிருக்க, கம்பிக் கட்டங்களில் மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்து மேலே கான்கிரீட் கொட்டும் முறை. ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. கொத்தனார் சிங்காரவேலு மேலிருந்து குனிகிறார். “ஒண்ணு ஒடஞ்சி பூட்ச்சிபா. ஒன் கொட்டாயில ஒரு சட்டி இருக்குதே, பழசானாலும் பரவால்ல, எடுத்துனு வா.” அது என் மனைவி செல்வகுமாரி மீன்குழம்பு வைத்த சட்டி. அவள் இறந்து நான்கு மாதமாகிறது. கையில் எடுக்கிறேன். அடி கறுத்திருக்கிறது, விளிம்பில் ஊறிய எண்ணெய் வெயிலில் மின்னுகிறது. கலவை இயந்திரம் கடகடக்கிறது. “இன்னா, பூஜையா பண்ற? கலவ எறுகுது.” “இது வேணாண்ணே. அப்பிடியே கொட்டுங்க.” “அந்த எடத்துல மட்டும் அனலு எறங்கும்பா. கீழ மனுசன் படுக்க முடியாது.” “எறங்கட்டும்.” அவர் என்னைப் பார்த்துவிட்டு ஆட்களுக்குக் கையசைக்கிறார். சாம்பல்நிறக் கலவை சரிந்து கட்டத்தை நிரப்புகிறது. அதற்கு நேர்கீழேதான் எங்கள் கட்டில் வரும்.