குழியில் வந்த விருந்தாளி

"ஹென்னிங், இன்னும் ஒண்ணு இருக்கு!"

மரைக்கே போட்ட சத்தத்தில், கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கூரைமேல் சூரியத் தகடு பொருத்திக்கொண்டிருந்த ஹென்னிங் பாதி ஏணியிலிருந்தே குதித்தான். மழைநீர் சேர்க்கத் தோண்டிய குழியின் ஓரத்தில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"போன வாரமே எல்லாத்தையும் வாளியில அள்ளிட்டுப் போயிட்டேனே!"

"அதோ பாரு, ஜம்முனு மிதக்குது."

விரல் நீளத்துக்கு ஒரு நீர்ப்பல்லி. முதுகில் ரம்பம் போலக் கொண்டை, ஆரஞ்சு நிற வயிறு. அழிந்துகொண்டே வரும் இனம் என்பதால் அதைத் தொடவே சட்டத்தில் இடமில்லை. அது வாழும் இடத்தில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. சில வருஷங்களாகக் கோடை மழை பொய்த்துக் காட்டுக் குட்டைகள் வறண்டுபோனதில், கொண்டைப் பல்லிகள் இடம் தேடி இவர்கள் குழிக்குக் குடிவந்திருந்தன.

பக்கத்து ஊரில் இப்படி ஒரு பல்லி கண்ணில் பட்டு, ஒருவர் வீட்டு வேலை இன்றுவரை அந்தரத்தில் நிற்கிறது. இவர்களோ வாடகை வீட்டை மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. மரைக்கேவுக்கு இது ஏழாவது மாதம். வேலை நின்றால் கைக்குழந்தையோடு எங்கே போவது? அந்தப் பயத்தில் அவளுக்கு இரண்டு நாளாகச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வைக்கோல் சுவரும் சூரிய மின்சாரமுமாக, பூமிக்குப் பாரமில்லாத வீடு கட்டப்போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் இவர்கள். இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தில் உறுப்பினர்கள் வேறு.

"இயற்கைப் பாதுகாப்பு ஆபீஸ் அம்மா இப்ப வந்துடுவாங்க. எவனோ போட்டுக் குடுத்திருக்கான். இல்லேன்னா நம்ம குழியைப் பார்க்கணும்னு அவங்க எதுக்கு போன் பண்ணணும்?"

"பதறாதே. அந்த ரொட்டி டப்பாவை எடு."

"ஐயோ, அதுலயா? நாளைக்கு நான்தானே அதுல சாப்பிடணும்!"

"உனக்கு வீடு வேணுமா, டப்பா வேணுமா?"

டப்பாவில் பல்லியும் கொஞ்சம் தண்ணீருமாக அவன் சைக்கிளில் பறந்தான். காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆலைக்குளம்தான் போன வாரமும் அவன் வாளியைக் கவிழ்த்த இடம். வற்றாத குளம், பல்லிக்கும் நல்லதுதானே என்று மனசாட்சியைத் தட்டித் தூங்க வைத்திருந்தான்.

அவன் தலை மறைந்ததும் மாவட்ட இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தின் கார் வந்து நின்றது. திருமதி ப்ரூன்ஸ் ரப்பர் பூட்ஸும் கைவலையுமாக இறங்கினார்.

"காப்பி கொண்டு வரட்டுமா மேடம்? கேக் இருக்கு."

"அதெல்லாம் அப்புறம். குழி எங்கே?"

வலை உள்ளே போகும்போதெல்லாம் மரைக்கேவின் மூச்சு நின்றது. இலைச் சருகு வந்தது, சேறு வந்தது, ஒரு தவளை வந்தது. ப்ரூன்ஸ் விடவில்லை. கல்லைப் புரட்டினார், புல்லை விலக்கினார், முழங்கால் சேறாகத் தேடினார்.

ஹென்னிங் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எங்கே போயிட்டு வரீங்க?"

"ரொட்டி வாங்க, மேடம்."

"கிடைச்சுதா?"

"தீர்ந்துபோச்சாம்."

ப்ரூன்ஸ் அந்த ஈரக் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குழிக்குள் குனிந்தார்.

"ஒரு கொண்டைப் பல்லிகூடவா நீங்க பார்த்ததில்ல?"

"இல்ல மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முட்டை, குஞ்சு, செத்துக் கிடந்தது... எதுவானாலும் சொல்லுங்க."

போலீஸ் விசாரணை தோற்றது போங்கள். ஹென்னிங் வாயைத் திறப்பதற்குள் மரைக்கே முந்திக்கொண்டாள்.

"இந்தப் பக்கமே பார்த்ததில்ல மேடம். சத்தியமா!"

ப்ரூன்ஸ் வலையைக் கீழே போட்டுவிட்டு வைக்கோல் கட்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். தப்பித்தோம் என்று ஹென்னிங் மனைவியின் கையை அழுத்தினான். வாரக்கணக்கில் இல்லாத சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

"நான் போய்க் காப்பி கொண்டு வரேன் மேடம்."

"வேண்டாம்மா, எனக்கு இறங்காது." ப்ரூன்ஸ் கையிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டார். "நம்ம ஊர் பைபாஸ் ரோடு ஆலைக்குளத்தை ஒட்டிப் போறதா இருந்துச்சு இல்லையா? முந்தாநாள் கடைசியா ஒரு தடவை குளத்தைப் பார்க்கப் போனோம். இத்தனை வருஷமா ஒண்ணுகூட இல்லாத இடத்துல கொண்டைப் பல்லி கூட்டமா நீந்துது. இனிமே அங்கே ரோடு போட முடியாது."

"நல்ல விஷயம்தானே மேடம்?" என்றான் ஹென்னிங்.

"அதுக்குப் பதிலா இருக்கிற ஒரே வழி உங்க வீட்டு மேலதான் போகுது. இங்கே ஒரே ஒரு பல்லி கிடைச்சாக்கூட உங்க வீட்டைக் காப்பாத்திடலாம்னுதான் ஓடி வந்தேன்."