நாலு இஞ்ச் இறக்கிய பிக்கப்

"என் பழைய பிக்கப் வண்டியோட பின்பக்க உயரத்தை நாலு இஞ்ச் இறக்கியிருக்கேன். நீளம் குறைஞ்ச ஷாக் அப்சார்பர் வேணும்" என்று அளவெழுதிய தாளை நீட்டினேன்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் என் பக்கத்தில் நின்ற பெரியவரைப் பார்த்தார். "கம்பெனில வந்த நீளமே போடலாமே சார்?"

"போடலாம்" என்றார் பெரியவர்.

"போட்டா முதல் குழியிலேயே இடிச்சு உடையும். நான் மெக்கானிக்கல் படிச்சவ. வண்டியை இறக்கினதே நான்தான்."

"பெரியவங்க பேசுறோம்ல, சும்மா இரும்மா. லோடு ஏத்துவீங்களா சார்?"

"ஏத்தலாம்."

"அப்ப கம்பெனி நீளம்தான். வண்டி நம்பர் சொல்லுங்க."

"எனக்கெப்படித் தெரியும்? நான் சைக்கிளுக்குக் காத்தடிக்க வந்தேன். இந்தப் பொண்ணு யாருன்னே தெரியாது."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு பெரியவர் பக்கமே திரும்பினார்.

"அதனால என்ன சார்? நீங்களே ஒரு முடிவைச் சொல்லுங்க."