டவர் மாமா

மாப்பிள்ளை ஒரு கஞ்சன் என்பதில் மாமனாருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அந்த லேப்டாப்பைப் பார்த்த பிறகு அது உறுதியாகிவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியதாம். மூடி ஒரு பக்கம் இளித்துக்கொண்டு நிற்கும். ஒரு எழுத்தின் பொத்தான் எப்போதோ பெயர்ந்து போய், அந்த இடத்தைப் பேனா மூடியால் குத்த வேண்டும். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறவர், இதைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மனைவி போன பிறகு மகள் வீட்டோடு வந்து சேர்ந்தவர். வந்த நாளாக அறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார். ஜன்னல் திரையைக்கூட விலக்குவதில்லை. சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், பாதி மிச்சத்தோடு திரும்பி வரும். மகள் பேசிப் பார்த்து ஓய்ந்துவிட்டாள். மாப்பிள்ளையோடு அவர் பேசியதெல்லாம் 'ம்', 'ம்ஹும்', அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் லேப்டாப்பில் வைஃபை விட்டு விட்டுப் போக ஆரம்பித்தது. மகளுடைய போனில் ஒழுங்காக வரும். லேப்டாப்பில் மட்டும், மீட்டிங் நடுவே மேனேஜர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்பார். ரூட்டரை அணைத்துப் போட்டார்கள். பாஸ்வேர்டை மாற்றினார்கள். லேப்டாப்பை ஃபிரிட்ஜ் மேல், வாஷிங் மெஷின் மேல், மாடிப்படியில் என்று வைக்காத இடமில்லை. கடைசியில் ஒருநாள் மாப்பிள்ளை இஸ்திரி மேஜையைத் தூக்கிக்கொண்டு மாமனார் அறைக்கே வந்துவிட்டார். இங்கே கொஞ்சம் சிக்னல் நிற்கிற மாதிரி தெரிகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அங்கேயும் நிற்கவில்லை. மாப்பிள்ளை லேப்டாப்பை ஏந்திக்கொண்டு கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே அல்லாடினார். படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த மாமனாருக்குப் பொறுக்கவில்லை.

"லெஃப்ட்ல ஒடிங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே ரிவர்ஸ் வாங்க. போதும், போதும்."

சிக்னல் நின்றது.

அதோடு விட்டதா? அடுத்தடுத்த நாட்களில் யாராவது உயரத் தூக்கிப் பிடித்தால்தான் நிற்கும் என்று ஆயிற்று. ஸ்டியரிங் பிடித்த கை ஆடாது என்று மாமனாரே அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். ஒரு மீட்டிங்கில், திரையின் இரண்டு ஓரத்திலும் தெரியும் விரல்கள் யாருடையவை என்று மேனேஜர் விசாரித்தார்.

"எங்க மாமா சார். அவர்தான் இங்க டவர்" என்றார் மாப்பிள்ளை.

மறுநாளிலிருந்து ஆபீஸே 'டவர் மாமா'வுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் மீட்டிங்கை ஆரம்பித்தது. மாமனார் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். முகம் இருட்டாகத் தெரிகிறது என்று திரையையும் விலக்கிவிட்டார். மத்தியானம் இருவரும் இஸ்திரி மேஜையிலேயே சாப்பிட்டார்கள். மேடு ஏறும்போது பிரேக் போன கதையை அவர் சொல்ல, மாப்பிள்ளை சாப்பிட மறந்து கேட்டார். மாமனாருடைய தட்டு மட்டும் காலியாகவே திரும்பிப் போயிற்று.

இருந்தாலும் தோள்பட்டை கடுத்தது. இந்த மனுஷன் புதுசு வாங்கப் போவதில்லை, நாமாவது ரிப்பேர் பண்ணிக் கொடுப்போம் என்று முடிவு செய்தார். மாப்பிள்ளை நேரில் ஆபீஸுக்குப் போன ஒரு நாள், லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருமுனை ரிப்பேர் கடைக்கு நடந்தார். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவர் தெருவில் இறங்கியது அன்றைக்குத்தான்.

மெக்கானிக் துண்டைப் பிரித்ததுமே பெயர்ந்த பொத்தானைப் பார்த்துவிட்டார்.

"இதை நான் போன மாசமே சரி பண்ணிட்டேனே. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன்னு இது தானா வைஃபையை அணைச்சிக்கிட்டு இருந்தது. செட்டிங்கை மாத்தினேன், சரியாயிடுச்சு."

இல்லையே, இப்போதும் அறுந்துபோகிறதே என்றார் மாமனார்.

மெக்கானிக் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். திரையின் மூலையில் கடை வைஃபையின் சிக்னல் கோடுகள் முழுசாக நிறைந்திருந்தன. அப்புறம் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன ஸ்விட்சை நகத்தால் தள்ளினார். கோடுகள் மறைந்தன. திரும்பத் தள்ளினார். வந்தன.

"பழைய மாடல்ல இந்த ஸ்விட்ச் இருக்கும். யாராவது தள்ளினாதான் கட் ஆகும், தானா ஆகாது. இதை ரிப்பேருக்குக் கொண்டு வந்தவர்தான் தள்ளுறார்னு நினைக்கிறேன். வீட்ல யாராவது கேட்டா, இது சரியே ஆகாதுன்னு சொல்லிடுங்கன்னு அன்னைக்கே சொல்லிட்டுப் போனார்."

"எதுக்காம்?"

"நானும் கேட்டேன். இது ரிப்பேரா இருக்கிறதாலதான் எங்க மாமா என்கூடப் பேசுறார்னு சொன்னார். விசித்திரமான ஆளு. ஆமா, நீங்க அவருக்கு என்ன வேணும்?"

மாமனார் லேப்டாப்பைத் துண்டில் சுற்றினார். மெதுவாக வீட்டுக்கு நடந்தார். லேப்டாப்பை இருந்த இடத்திலேயே வைத்தார்.

மறுநாள் காலை மாப்பிள்ளை வழக்கம்போல் இஸ்திரி மேஜையோடு வந்தார். மறுபடியும் கட் ஆகிவிட்டது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவசரத்தில் ஸ்விட்சைத் தள்ள மறந்திருந்தார். திரை மூலையில் கோடுகள் முழுசாக நின்றன.

மாமனார் லேப்டாப்பைக் கையில் வாங்கி, அந்த மூலையைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டார்.

"ரொம்ப வீக்கா இருக்கு மாப்பிள்ளை. சாயங்காலம் வரைக்கும் நீங்க இங்கேயே இருக்கிறதுதான் நல்லது."