நான்காவது வெட்டு

குறி தப்பாத துப்பாக்கி வேண்டுமென்று இப்போதெல்லாம் யாரும் ஞானமணியின் கடைக்கு வருவதில்லை. வேட்டை ஒழிந்துபோய், சுவரில் மாட்டத்தான் வாங்குகிறார்கள். முதல் கேள்வியே, "எத்தனை புலி சுட்டது?" என்பதுதான். அதனால், புலியைக் கண்ணாலும் பார்த்திராத ஒரு பழைய எஸ்டேட் துப்பாக்கியின் கட்டையில், புலிக்கு ஒன்றாக மூன்று வெட்டுப் போடச் சொல்லி மசணனிடம் அரத்தைக் கொடுத்தார். துப்பாக்கிகளைத் துடைத்து மெருகேற்றுவது மசணன் வேலை. மூன்றையும் போட்டான். பிறகு, யாரும் சொல்லாமலே, சின்னதாக இன்னொன்று போட்டான். இந்தத் துப்பாக்கியை அவனுக்குத் தெரியும். மான் என்று நினைத்து எஸ்டேட் துரை சுட்டது இதைக் கொண்டுதான். விழுந்தது, துரைக்காக மானை வெளியே விரட்டப் புதரைக் கலைத்துக்கொண்டிருந்த அவன் அப்பன்.

ரிசார்ட்டுக்கு வாங்க வந்தவர் வெட்டுகளைத் தடவிப் பார்த்தார். "மூணு புலி, சரி. இது என்ன பொடிசா?"

"ஏதாவது முயலா இருக்கும் சார்," என்று சிரித்தார் ஞானமணி.

"முயலுக்கெல்லாமா? பார்க்கவே கேவலமா இருக்கு, எடுத்துடுங்க."

"மசணா, அந்த உப்புத்தாளை எடு."

மசணன் எடுத்தான். இருந்த இடம் தெரியாமல் வழவழப்பாகும்வரை தேய்த்தான். யாரும் சுடாத மூன்று புலிகளும் அப்படியே இருந்தன.