காலியிடம்

அன்று வியாழனா வெள்ளியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அரசு அலுவலகக் கையேட்டின் தொகுப்பாளருக்கு வியர்த்துக் கொட்டியது நிச்சயம். அவர் ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம்தான் இருந்தது.

முன்பின் தெரியாத உயரதிகாரி ஒருவர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். புதிய கையேட்டை மேசைமேல் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

“ரத்தான சட்டங்களின் வரலாற்று இயக்ககம். இதைச் சேர்த்தது யாரு?”

“நான்தான் சார்.”

“இந்த ஆபீஸ் எங்க இருக்கு?”

தொகுப்பாளர் எழுந்து நின்றார்.

“எங்கயும் இல்ல சார். நம்ம கையேட்டை ஒரு பதிப்பகம் அப்படியே காப்பியடிச்சு விக்குது. அவங்களைப் பிடிக்கத்தான் இல்லாத ஆபீஸ் ஒண்ணைச் சேர்த்தோம். அது அவங்க புத்தகத்துலயும் வந்தா திருட்டு அம்பலமாயிடும். எங்க பிரிவுல காலங்காலமா உள்ள வழக்கம்.”

“இயக்குநர் பேருக்கு நேரா ‘காலியிடம்’னு போட்டிருக்கீங்களே?”

“இல்லாத ஆளுக்குப் பேர் வைக்க மனசு வரல சார். தப்புதான். என் வேலைக்கு உலை வச்சிடாதீங்க.”

அதிகாரி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“உங்க வேலை கிடக்கட்டும்யா. காலியிடம்னு பார்த்துட்டு, போன மாசம் என்னை அங்க மாத்திட்டாங்க. நான் தெருத்தெருவா அந்த ஆபீஸைத் தேடிட்டு இருக்கேன்!”

அடுத்த ஆண்டு அந்த இயக்ககத்துக்கு நான்கு மாடிக் கட்டடம் வந்தது. அதிகாரி அங்கே இயக்குநராக அமர்ந்தார். தொகுப்பாளர் ஒரு குறையுமின்றி ஓய்வு பெற்றார். காப்பியடித்த பதிப்பகம், அதன்மேல் அரசு போட்ட வழக்கில் ஜெயித்தது. அந்த அலுவலகம்தான் உண்மையிலேயே இருக்கிறதே!