லெஃப்ட் வராத அக்கா

"யாரோ நல்லா பத்த வச்சிருக்காங்க!"

கணவன் போட்ட சத்தத்தில் மனைவி கையில் துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"உங்க குடும்பத்துல பத்த வைக்க ஆளா இல்லை? யாரு, யாரைப் பத்தி?"

"ஐயோ, அந்தப் பத்த வைக்கிறது இல்லம்மா. சால்டரிங்! இங்க வந்து பாரு."

சாப்பாட்டு மேஜையில் பழைய வீடியோ கேம் பெட்டி குடலைக் காட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தது. புது டிவியில் அதைச் செருக வழியில்லை. அதனால் பின்பக்கத்தைக் கழற்றி, புது இணைப்பு ஒன்றை அவனே பற்றவைத்துக்கொண்டிருந்தான். ஆபீசில் அவன் கணக்குப் பார்ப்பவன். சால்டரிங் எல்லாம் வீடியோ பார்த்துக் கற்ற வித்தை. மேஜை விரிப்பில் ஏற்கெனவே ஒரு ஓட்டை விழுந்து, அதன்மேல் பூச்சாடி உட்கார்ந்திருந்தது. மனைவி இன்னும் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை.

தூசி தட்டலாம் என்று இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைத் திறந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. பொத்தான்களுக்கு அடியில் முடி மாதிரி ஒரு செப்புக் கம்பி. இரண்டு முனையிலும் ஈயம் உருண்டை உருண்டையாக உறைந்திருந்தது.

"கம்பெனி வேலை இப்படியா இருக்கும்? எவனோ கத்துக்குட்டி கை வச்சிருக்கான்," என்றான், போன மாதம்தான் சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்தவன்.

அந்த நேரம் பார்த்து அக்காவிடமிருந்து போன்.

"நாளைக்குக் காலையில வந்துடுவேன்டா. பெட்டி ரெடியா?"

"ரெடி. உன் ஜாய்ஸ்டிக்கைத்தான் பிரிச்சு வச்சிருக்கேன்."

மறுமுனையில் அக்கா பதறினாள்.

"என்னோடதையா? அதை ஏன்டா பிரிச்சே? அது பாட்டுக்கு நல்லாத்தானே ஓடிட்டிருந்தது. மூடி வை."

"ஏன் பயப்படறே? தில்லுமுல்லு பண்ணிடுவேன்னா? சாம்பியனுக்கு அதெல்லாம் தேவையில்லை!"

வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர், சாம்பியன். சின்ன வயதில் கார் பந்தயத்தில் அக்கா ஒரு தடவைகூட அவனை ஜெயித்ததில்லை. நேர் ரோட்டில் பறப்பாள். இடது வளைவு வந்தால் போதும், அவள் கார் நொண்டியடிக்கும். 'அக்காவுக்கு லெஃப்ட் வராது' என்று அம்மாவே சொல்லிச் சிரிப்பாள். இன்று அக்கா பெரிய பல் டாக்டர், சொந்தக் காரில்தான் வருகிறாள், போகிறாள். ஆனாலும் அவள் கிளம்பும்போது, "லெஃப்ட்ல பார்த்துப் போ!" என்று தெருவே கேட்கக் கத்துவது அவன் வழக்கம்.

நாளைய ஆட்டம் அவனுக்கு மானப் பிரச்சினை. கேரம், சீட்டு, வாக்குவாதம் என்று கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றிலும் மனைவிதான் ஜெயித்துக்கொண்டிருக்கிறாள். சாம்பியன் என்ற பேச்சை எடுத்தாலே, "நான் பார்க்கலையே" என்பாள். நாளைக்குப் பார்க்கட்டும்.

கம்பியைச் சூடு காட்டி உருவினான். ஈயத்தைச் சுத்தமாக வழித்தான். எல்லாவற்றையும் தரையில் தட்டிவிட்டான்.

"பெருக்கின இடத்துலயே போடுங்க!" என்று முணுமுணுத்தபடி அவள் மறுபடி பெருக்கி அள்ளினாள்.

மறுநாள் அக்கா வந்ததும் வராததுமாக ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள இருந்து எதையும் எடுக்கலையே?"

"ஒரு குப்பைக் கம்பி கிடந்தது, தூக்கிப் போட்டுட்டேன். இனிமே நீ சாக்கு சொல்ல முடியாது."

அக்கா அவனைப் பாவமாகப் பார்த்தாள். "அப்ப ஆட்டம் வேண்டாம்டா. உக்காந்து பேசிட்டு இருக்கலாமே."

"பாத்தியா, பயந்துட்டா!" என்று மனைவியிடம் கண்ணடித்தான். அவளும் வேலையைப் போட்டுவிட்டு வந்து சோபாவில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டி கிர்ரென்றது. புது டிவியில் படம் பளிச்சென்று வந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பந்தயம் தொடங்கியது. முதல் இடது வளைவில் அக்காவின் கார் எப்போதும்போல நொண்டும் என்று அவன் காத்திருந்தான். அது வழுக்கிக்கொண்டு திரும்பி, அவனைத் தாண்டிப் போயே போய்விட்டது.

"கை தவறிடுச்சு. இது கணக்குல இல்லை," என்றான்.

அடுத்த ஆட்டத்திலும் அக்காதான். அதற்கடுத்ததில் அவன் காருக்குப் பின்னால் வந்து ஒரு முழுச் சுற்று முந்திப் போனாள்.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "சாம்பியன் சார், இதுவும் நான் பார்க்கலைன்னு சொல்லிடவா?"

அவன் முகம் தொங்கிப்போனது. "ஏன்க்கா, நீ எப்போ லெஃப்ட் கத்துக்கிட்டே?"

"நேத்துதான். நீ அந்தக் கம்பியை எடுத்தப்போ."

"என்ன சொல்றே?"

அக்கா ஜாய்ஸ்டிக்கை மெல்லக் கீழே வைத்தாள். "சின்ன வயசுல எதுல தோத்தாலும் நீ அழுது புரண்டு, சோறே வேண்டாம்னு படுத்துக்குவே. அம்மா என்னை வாங்கு வாங்குன்னு வாங்குவாங்க. ஸ்கூல் கண்காட்சிக்காக அப்பதான் சால்டரிங் கத்துக்கிட்டிருந்தேன். லெஃப்ட் பொத்தானை அமுக்கினா பிரேக்கும் சேர்ந்து விழற மாதிரி நான்தான்டா பத்த வச்சேன்."

கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கை அவனும் கீழே வைத்தான். பிறகு மனைவி பக்கம் திரும்பி, மிகவும் பணிவாகக் கேட்டான்:

"ஏம்மா, நேத்து பெருக்கின குப்பை வீட்லதானே இருக்கு?"