அவரு

"அவரு எப்பவும் படுக்கிற ஜன்னலோரத்துலயே விரிச்சு வெச்சிருக்கேன்க்கா," என்று அடுப்படியில் குடில்காரம்மா சொல்வது தையல்காரரின் காதில் விழுந்தது.

மலையேறிகள் தங்கும் அந்தக் குடிலின் நடு அறையில், பெஞ்சில் உட்கார்ந்து சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார் தையல்காரர். கை அப்படியே நின்றது.

"அங்க படுத்தாத்தான் அவருக்குத் தூக்கமே வரும்," என்றாள் தையல்காரரின் மனைவி. அந்தக் குரலில் ஒரு குழைவு இருந்தது.

சூடான இஸ்திரிப் பெட்டியை யாரோ அடிவயிற்றில் வைத்துவிட்டுப் போனது போல் இருந்தது அவருக்கு. மனைவி ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லிப் பேசியதில்லை. கடையில், பக்கத்து வீட்டில், பிள்ளைகளிடத்தில், எங்கும் 'அவரு'தான். அந்தச் சொல் தனக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை என்று நம்பிக்கொண்டிருந்தார். இப்போது அதை வேறு எவனோ மாட்டிக்கொண்டு திரிகிறான்.

மலைக்காற்று நல்லது என்று டாக்டர் சொன்னாராம். அதைச் சாக்கு வைத்து, வரமாட்டேன் என்றவரை இழுத்து வந்திருந்தாள். 'எனக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம்?' என்று வழியெல்லாம் முனகிக்கொண்டேதான் ஏறினார். இப்போதல்லவா விஷயம் புரிகிறது. தங்கை வீட்டுக்குப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினதெல்லாம் இந்தக் குடிலுக்குத்தானா?

விருட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனார். அதன் வாசல் மிகவும் தாழ்வானது. முன்னால் வந்து சேர்ந்த மலையேறிகள் இருவரும் மேல்கட்டையில் இடித்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரர் போன வேகத்திலேயே தலையைக் குனிந்து உள்ளே நுழைந்தார்.

இரண்டு பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். எரிகிற அடுப்பில் அது இன்னொரு விறகைச் செருகியது.

"யாருக்கோ ஜன்னலோரம் விரிச்சிருக்காமே?"

குடில்காரம்மா தயங்கி, மனைவியின் முகத்தைப் பார்த்தாள். மனைவி கண்ணாலேயே ஏதோ சொன்னாள். அதையும் அவர் பார்த்துவிட்டார்.

"வழக்கமா வர்றவரு, சார்," என்றாள் குடில்காரம்மா.

"ஆளு எப்படி? தோள் அகலமா?"

"உங்க தோள் மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் தொப்பை உண்டு."

"அப்ப பட்டன் நிக்காது, தெறிச்சிடும்," என்றார் தையல்காரர், கொஞ்சம் திருப்தியோடு.

"ஆனா நல்லாப் பாடுவாரு. அவரு வந்தா இந்தக் குடிலே கலகலன்னு ஆயிடும்."

வந்த திருப்தி போன இடம் தெரியவில்லை. "பாடற ஆளுங்களை நம்பவே கூடாது," என்றார். மனைவி சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பொழுதுகூட இன்னும் சாயவில்லை. தையல்காரர் நேராகப் போய் அந்த ஜன்னலோரப் பலகைக் கட்டிலில் ஏறிப் படுத்து, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"நான் இங்கதான் படுப்பேன். அவன் வந்தா விறகுக் கொட்டகையில படுக்கட்டும்," என்று குடில் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். பாழாய்ப்போன இடம், சொகுசாகத்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி விலகி எதிர்மலை முழுசாகத் தெரிந்தது. ரசனைக்காரப் பயல்தான் என்று நினைத்தார். அதற்கும் சேர்த்து வயிறு எரிந்தது.

மனைவி டீயோடு வந்து கால்மாட்டில் உட்கார்ந்தாள். "எழுந்திருங்க, டீ ஆறுது."

"அவனுக்கு வெச்சுக்கோ."

"ஆறிப்போனா அவருக்குப் பிடிக்காது."

தையல்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "என்கிட்டயே சொல்றியே, உனக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கா? நான் இப்பவே கீழ இறங்கறேன். நீ இரு. அவன் வருவான்ல, ரெண்டு பேருமா உக்காந்து பாடுங்க."

"பாதி வழியிலயே இருட்டிடும். இப்ப எங்க போவீங்க?"

"எங்கயோ போறேன். உனக்கென்ன?"

அவள் அவர் மேலிருந்து நழுவிய கம்பளியை எடுத்து மறுபடி போர்த்திவிட்டாள். அந்தக் கை பட்டதும் அவர் கோபம் வடிந்தது. வடிந்த இடத்தில் பயம் வந்து நின்றது. பிள்ளைகளும் தனித்தனியே போய்விட்ட வீட்டில், இவளும் இல்லாவிட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள்?

"உண்மையைச் சொல்லு. அவன்மேல உனக்கு அவ்வளவு ஆசையா?"

"உசிருங்க."

"வந்தான்னா என்னை விட்டுட்டுப் போயிடுவியா?"

அவள் கம்பளிக்குள் துழாவி அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு வந்துடணும்னுதான் தினமும் வேண்டிக்கிறேன். பழைய இடத்தைப் பார்த்தா ஞாபகம் வந்து, ஒருவேளை திரும்பிடுவாருன்னு டாக்டரும் சொன்னாரு."

"டாக்டருக்கு வேற தெரியுமா?" தையல்காரர் இடிந்துபோனார். "அப்ப நான் யாருடி?"

"நீங்கதாங்க அவரு."